கோழிக்கூட்டில் புகுந்தது எது? வன்னி வளவுகளில் தடயம் பார்க்கும் முறை

விடியக் கூட்டைத் திறக்கும்போது ஒரு பேடு செத்துக் கிடந்தால் வன்னியில் முதலில் வரும் பெயர் மரநாய். பகலில் குஞ்சு காணாமல் போனால் கீரி, இல்லாவிட்டால் பருந்து. பல தடவை இந்த ஊகம் சரியாகவே இருக்கும். அது பிழைக்கிற இடத்தில்தான் நட்டம் கூடுகிறது. கூரை இடுக்கால் இறங்கும் மரநாய்க்காக வேலியை அடைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கிழமையும் கோழி போகும். சாரைப்பாம்பு விழுங்கிய குஞ்சுக்காகப் பக்கத்து வளவு நாயோடு பகை வளரும். எந்த விலங்கு என்று தெரிந்தால்தான் எந்த ஓட்டையை அடைப்பது என்று தெரியும்.

செத்த கோழியின் உடலை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. கொன்றது ஒன்று, பிறகு வந்து தின்றது வேறொன்றாக இருக்கலாம். நள்ளிரவில் மரநாய் கழுத்தைக் கடித்துப் போட்ட பேட்டை விடிய நாய் இழுத்துப் போகும். நாய் விட்டதைக் காகம் கொத்தும். ஆகவே நேரம், எண்ணிக்கை, வந்த வழி மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு உடலுக்கு வாருங்கள்.

கூட்டைக் கூட்டும் முன்

இறகைக் கூட்டி அள்ளுவதுதான் கடைசி வேலை. முதலில் வளவு நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எறும்பும் காகமும் ஒரு மணித்தியாலத்துக்குள் காயத்தின் உருவத்தையே மாற்றிவிடும். போனில் படம் எடுக்கும்போது தடத்துக்கும் காயத்துக்கும் பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டியோ 10 ரூபாய்க் குற்றியோ வையுங்கள்; அளவு தெரியாத படத்தால் பயன் இல்லை. கால் தடத்தை மேலிருந்து நேராக எடுங்கள். வெயில் சரிவாக விழும் காலை நேரத்தில்தான் தடம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் தெரியாத தடத்தை, இருட்டிய பிறகு ரோச் லைற்றை நிலத்தோடு பதித்துப் பக்கவாட்டில் அடித்தால் காணலாம்.

உடலை வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை இல்லாவிட்டால் ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். நாய், நரி, கீரி எல்லாவற்றுக்கும் விசர்நோய் வரலாம். காயத்தில் எச்சில் இருக்கும்.

இன்னொன்று, வன்னிக்கு மட்டும் சொல்ல வேண்டியது. இழுத்துப் போன தடம் பற்றைக்குள் போனால், அது கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்கிய காணி என்று உறுதியாகத் தெரியாமல் பின்னால் போகாதீர்கள். மண்டையோட்டுச் சின்னம் போட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்திலும், நெடுங்காலம் ஆள் நடமாட்டம் இல்லாத காணியிலும் கோழிக்காகக் கால் வைக்கக் கூடாது. வேலி வரை பார்த்தது போதும்.

எப்போது நடந்தது

கீரி, பருந்து, காகம், உடும்பு ஆகியவை பகல் வேட்டைக்காரர். மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை, வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) ஆகியவை இரவில் வரும். நரி பெரும்பாலும் மம்மல் பொழுதிலும் விடியற்புறத்திலும் வரும். நாய்க்கு நேரம் கிடையாது. சாரை பகலில் திரியும்; நாகம் இரண்டு நேரமும் வரும்.

இந்தப் பிரிவு பாதிப் பெயரை அடித்துவிடும். ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும். ஒரு கொப்பியில் பின்னேரம் அடைத்த எண்ணிக்கை, விடியத் திறந்த எண்ணிக்கை, பகல் உச்சியில் குஞ்சுகளின் எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். கணக்கு இல்லாதவர் கோழி இரவில் போனது என்பார்; உண்மையில் அது முதல்நாள் பின்னேரமே கூட்டுக்கு வந்திருக்காது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒன்று குறைந்துகொண்டு வந்தால் கூட்டைப் பலப்படுத்துவதில் பயன் இல்லை. மேய்கிற இடத்தில்தான் பிரச்சினை.

எத்தனை செத்தது, எத்தனை காணவில்லை

பல கோழிகள் செத்துச் சிதறிக் கிடக்கின்றன, ஆனால் தின்னப்படவில்லை என்றால் நாயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். கூட்டுக்குள் அடைபட்ட கோழிகள் படபடக்கும்போது மரநாயும் கீரியும்கூடத் தேவைக்கு மேல் கொல்லும். வித்தியாசம் காயத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே வருவோம்.

ஒன்று மட்டும் முழுதாகக் காணவில்லை, கொஞ்சம் இறகு ஓரிடத்திலும் பிறகு வேலிப்பக்கம் இன்னும் கொஞ்சமும் கிடந்தால் நரி அல்லது பெரிய காட்டுப்பூனை. ஒரு தூவல்கூட இல்லாமல் ஒன்று காணவில்லை என்றால் வெங்கிணாந்தி. ஒரு தூவலும் இல்லை, ஒரே இரவில் ஐந்தாறு போய்விட்டது, படலை கட்டின கயிறு வேறு மாதிரிக் கட்டியிருக்கிறது என்றால், அது மனிதர் வேலை.

காயமே இல்லாமல் இரண்டு மூன்று செத்துக் கிடந்தால் விலங்கைத் தேட வேண்டாம். பச்சைக் கழிச்சல், தலை திருகுதல், மூச்சு இழுத்தல் இருந்ததா என்று மற்றக் கோழிகளைப் பாருங்கள். கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். ராணிக்கெட் என்ற கோழி நோய் வந்து செத்த கோழியை எலியும் கீரியும் கடித்திருந்தால் எல்லோரும் கீரியைத்தான் குற்றம் சொல்வார்கள்.

அதைப் பிரித்தறிய ஒரு உறுதியான வழி இருக்கிறது. கடிபட்ட இடத்தில் இறகைப் பிடுங்கி, கத்தியால் தோலைக் கீறி உரித்துப் பாருங்கள். உயிரோடு கடிபட்டிருந்தால் தோலுக்கும் தசைக்கும் இடையில் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருக்கும். செத்த பிறகு கடித்தது என்றால் அந்த இடம் வெளிறி, துளை மட்டும் இருக்கும். இரத்தம் கட்டிய கடிதான் கொன்ற கடி. மற்றவை பிறகு வந்தவை. நோயால் செத்தது என்று சந்தேகம் இருந்தால் உரிக்காமல் அப்படியே வைத்தியருக்குக் காட்டுங்கள்.

“இரத்தத்தைக் குடித்துவிட்டு உடலைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது” என்று மரநாயையும் கீரியையும் பற்றிச் சொல்வதும் இதே இடத்தில் தெளிவாகும். கழுத்துக் கடியில் கோழி உடனே செத்துவிடும். இதயம் நின்றால் இரத்தம் வெளியே ஓடாது, தோலுக்கு அடியிலேயே உறைந்து நிற்கும். வெளியில் இரத்தம் இல்லாததால் குடித்தது போலத் தெரிகிறது.

எந்த வழியால் வந்தது

கூட்டைச் சுற்றி நிலத்திலிருந்து கூரை வரை மெதுவாகப் பாருங்கள். கம்பி நுனியிலும் தகர விளிம்பிலும் சிக்கிய மயிர், தேய்ந்த பலகை, கூரையில் சேற்றுக்கால் அடையாளம், கிடுகில் புதிதாக விழுந்த பொத்தல் எல்லாம் கணக்கு.

அடியில் தோண்டிய கிடங்கு அகலமாக, மண் பின்னால் வாரி இறைத்திருந்தால் நாய் அல்லது நரி. மெல்லிய ஆறுகோணக் கோழிவலை கிழிந்து உள்ளே மடிந்திருந்தால் பெரும்பாலும் நாய். நரி ஏற்கெனவே உள்ள இடுக்கைத்தான் தேடும். கிடங்கும் இல்லை, கிழிசலும் இல்லை, கூரைக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது என்றால் மரநாய்க்கு அது போதும். வேம்பு, மா, தென்னை மட்டை ஏதாவது கூரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். அது அந்த வழியால்தான் வரும். 2 அங்குல இடைவெளி கீரிக்கும் வளர்ந்த சாரைக்கும் தாராளம். தரையோடு ஒட்டி வட்டமான வளை, வாயில் புது மண், உள்ளே தவிடும் உமியும் இழுபட்டிருந்தால் அகிளான் அல்லது பெருச்சாளி.

கோழிகளை மாமரத்தில் அடைய விடுகிற வளவுகளில் வழி தேட வேண்டியதில்லை. மரத்தடியில் இறகு கொத்தாகக் கிடந்தால் மரநாயும் காட்டுப்பூனையும் முதல் இரண்டு பெயர்கள்.

நாயா, நரியா

இந்த இரண்டையும் பிரிப்பதில்தான் அயலவர் சண்டையே தங்கியிருக்கிறது, ஆகவே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நாய் விளையாட்டாகத் துரத்திப் பிடிக்கும். கடி முதுகு, பின்பக்கம், தொடை, செட்டை என்று எங்கும் இருக்கும். எலும்பு நொறுங்கி, தோல் பெரிதாகக் கிழிந்து, உடல் எச்சிலில் நனைந்திருக்கும். வளவு முழுதும் இறகு. ஒரு கோழியை விட்டு அடுத்ததைத் துரத்திய தடம் குறுக்கும் மறுக்குமாகத் தெரியும்.

நரி பசிக்கு வரும். ஒன்றைக் கழுத்திலோ தோளிலோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் போகும். குட்டி உள்ள காலத்தில் திரும்பத் திரும்ப வரும். உடல் கிடைத்தால் செட்டையும் கால்களும் மட்டும் பற்றை ஓரத்தில் கிடக்கும்.

கடிப்பல்லின் இரு துளைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். கீரியென்றால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர், மரநாயும் பூனையும் ஒன்றரையை ஒட்டி, நரி இரண்டரையை ஒட்டி, நடுத்தர ஊர்நாய் 3க்கு மேல். தோல் இழுபடுவதால் இந்த அளவு கொஞ்சம் மாறும். உரித்த பிறகு தசையில் அளப்பதே சரி.

தடத்தில் இரண்டுக்கும் நாலு விரலும் நகமும் பதியும். நாயின் தடம் அகலமாக, விரல்கள் விரிந்து இருக்கும். நடையும் அங்கும் இங்கும் அலையும். நரியின் தடம் நீளமாக ஒடுங்கி, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் இருக்கும். நடு இரண்டு விரல்களும் நெருங்கி, அவற்றின் மெத்தைகள் பின்பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். நல்ல களிமண் தடத்தில் இது தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. நரி நடக்கும்போது தடங்கள் ஒரு கயிறு பிடித்தது போல ஒரே கோட்டில் விழும்.

மரநாயும் கீரியும்

கழுத்தின் பின்பக்கம் அல்லது தலையடியில் சிறிய துளைகள், உடல் கிழியவில்லை: இதுவரை இரண்டும் ஒன்றே. முதலில் பிரிப்பது நேரம். அடைத்த கூட்டுக்குள் நள்ளிரவில் கீரி வராது. மேய்கிற கோழியைப் பட்டப்பகலில் மரநாய் பிடிக்காது.

மரநாய் தலை, கழுத்து, நெஞ்சுத் தசை என்று தின்று, மிச்சத்தை விட்டுப் போகும். அதன் எச்சம்தான் நிச்சயமான அடையாளம். கூரை, மதில், பெரிய கிளை போன்ற உயரமான இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடும். பாலைப்பழம், வீரைப்பழம் பழுக்கும் காலத்தில் அதில் பழக்கொட்டைகள் முழுதாக இருக்கும். கூரைத் தகரத்தில் கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் அங்கே நடமாடுகிறது என்பது உறுதி. கோழியைக் கொன்றது அதுதானா என்பதைக் கழுத்துக் கடியும் கூரை இடுக்கும் சேர்ந்து சொல்ல வேண்டும். தடத்தில் ஐந்து விரல்.

கீரிக்கும் விரல் ஐந்துதான். புழுதியில் பல வேளை நாலு மட்டும் பதியும், நீண்ட நகக் கோடு விரலுக்கு முன்னால் தள்ளி நிற்கும். குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பற்றைக்குள் கொண்டுபோகும். முட்டையைக் கையாளும் விதத்தில் கீரி தன்னைக் காட்டிக்கொடுக்கும்: முன்காலால் பிடித்துப் பின்கால்களுக்கு இடையால் கல்லிலோ சுவரிலோ எறிந்து உடைக்கும். கூட்டுக்கு வெளியே கல்லடியில் கோது நொறுங்கிக் கிடந்தால் கீரிதான்.

முட்டை பற்றி மற்றதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கோதே இல்லாமல் முட்டை காணவில்லை என்றால் பாம்பு அல்லது உடும்பு. பக்கத்தில் ஒரு கொத்துத் துளையோடு கோது தள்ளிக் கிடந்தால் காகம். அடைவைக்கும் வைக்கோல் மஞ்சட்கருவால் நனைந்து, ஒரு பேட்டின் சொண்டிலும் மஞ்சள் ஒட்டியிருந்தால் வெளியில் ஆள் தேட வேண்டாம். அந்தப் பேடே முட்டை குடிக்கப் பழகியிருக்கிறது.

பூனை வகைகள்

வீட்டுப்பூனை குஞ்சோடு நிற்கும். வளர்ந்த கோழியைத் தொடுவது குறைவு. குளக்கட்டுக்கும் வாய்க்காலுக்கும் கிட்டிய வளவுகளில் காட்டுப்பூனையும் மீன்பிடிப் பூனையும் பெரிய கோழியையே தூக்கும். பூனைத் தடம் வட்டமாக, நாலு விரலோடு, நகம் இல்லாமல் பதியும். மீன்பிடிப் பூனையின் நகம் முழுதாக உள்ளே மடங்காது, ஆகவே சேற்றில் அதன் நகநுனி பதியக்கூடும். அதை வைத்து நாய் என்று முடிவெடுக்காதீர்கள். உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று வளைவு இருந்தால் பூனை வகை.

பாம்பும் உடும்பும்

தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாகி, இறகு பின்னோக்கி ஒட்டிய குஞ்சோ கோழியோ முழு உடலோடு செத்துக் கிடந்தால் பாம்பு விழுங்க முயன்று முடியாமல் விட்டிருக்கிறது. இதைப் பலர் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். வெங்கிணாந்தி ஒன்றை விழுங்கினால் வந்த ஓட்டையால் வெளியே போக முடியாமல் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். ஆகவே கோழி காணாமல் போன விடியலில் முட்டைப்பெட்டிக்கும் வைக்கோலுக்கும் கை விடாதீர்கள், தடியால் கிளறுங்கள். அங்கே கிடப்பது நாகமாகவோ புடையனாகவோ இருக்கலாம். கடிபட்டால் கட்டு இறுக்குவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்பியுலன்சுக்கு 1990.

உடும்பும் கபரகொய்யாவும் விட்டுப்போகும் தடம் யாருக்கும் புரியும்: நீண்ட நகங்களோடு இருபக்கமும் கால், நடுவில் வால் இழுத்த கோடு.

மேலிருந்து வருபவை, கீழிருந்து வருபவை

செம்பருந்து குஞ்சை ஒரே வீச்சில் தூக்கும். தடயம் ஒன்றும் இருக்காது, தாய்க்கோழியின் கூச்சல்தான் சாட்சி. வல்லூறு வளவுக்குள்ளேயே மரத்திலோ கதியாலிலோ இருந்து இறகு பிடுங்கும். காட்டோர வளவுகளில் கொண்டைக் கழுகு வளர்ந்த கோழியையும் அடிக்கும். இறகின் அடியைப் பாருங்கள். பறவை பிடுங்கிய இறகின் தண்டு முழுதாக இருக்கும், சில வேளை சொண்டு நசித்த அடையாளம் தெரியும். விலங்கு கடித்த இறகின் தண்டு அறுந்து, எச்சிலில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

எலி குஞ்சின் காலையும் வயிற்றையும் கடித்து வளைக்குள் இழுக்கும். இரவில் ஒன்று இரண்டாகக் குறைந்தால் வளையைத் தேடுங்கள்.

மணல் விரிப்பு

கோடையில் வன்னி மண் இறுகிக் கிடக்கும், தடம் விழாது. மாரியில் விழுந்த தடம் மழையில் கரையும். இரண்டுக்கும் ஒரே பரிகாரம் மணல் விரிப்பு. கூட்டைச் சுற்றி 1 மீற்றர் அகலத்துக்கு, அரித்த மணலை 2 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புங்கள். மேலால் தண்ணீர் தெளித்து, பலகையால் மட்டமாக இழுங்கள். தடிப்புக் கூடினால் தடம் சரிந்து உருக்குலையும். காய்ந்த மணலில் விரல் பிரியாது. மாரியில் தகரத் தாழ்வாரத்துக்கு அடியில் மட்டும் விரித்தால் போதும். கூரை விளிம்பிலும் தொடும் கிளையிலும் சலித்த அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவுங்கள். மரநாய் அங்கே பதியும். இரையின் ருசி கண்டது அடுத்த சில இரவுகளுக்குள் திரும்பி வரும், ஆகவே ஒரு கிழமைக்குக் காலையில் பார்த்து, பின்னேரம் மறுபடி மட்டம் செய்யுங்கள்.

செத்த கோழியை இரையாக வெளியே வைக்காதீர்கள். இல்லாத விலங்கையும் அது கூப்பிடும். 2 அடிக்குக் குறையாத கிடங்கில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

பெயர் தெரிந்த பிறகு

நாய், நரி: கூட்டைச் சுற்றி 1 அடி ஆழத்துக்குக் கம்பிவலையை இறக்கி, அடியை வெளிப்பக்கம் மடித்துப் புதையுங்கள். மரநாய்: கூரை இடுக்கை அடைத்து, கூரையிலிருந்து 2 மீற்றருக்குள் உள்ள கிளைகளை வெட்டுங்கள். கீரி, பாம்பு, எலி: நிலத்திலிருந்து 2 அடி உயரம் வரை அரை அங்குலக் கண் உள்ள ஒட்டுக்கம்பி வலை. ஆறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், விலங்கை வெளியே நிறுத்தாது. அடையும் தடி வலையிலிருந்து 1 அடியாவது தள்ளி இருக்கட்டும். வலையோடு ஒட்டித் தூங்கும் கோழியின் தலையைத்தான் விலங்கு வெளியே நின்றபடி இழுக்கும். பருந்துக்கு, குஞ்சு நிற்கும் பகுதிக்கு மேல் பழைய மீன்வலை.

நஞ்சும், பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் எதற்கும் வேண்டாம். நஞ்சு வைத்த இறைச்சியை ஊர்நாயும் மயிலும் தின்னும், பிள்ளை கையிலும் படும். கட்டுத்துவக்கு விறகுக்குப் போகிறவரைக் கொல்லும். மீன்பிடிப் பூனை போன்றவை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கூட்டுக்குள் அகப்பட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பகலில் பயமில்லாமல் தள்ளாடித் திரியும் நரியையோ கீரியையோ நெருங்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

உயிர் தப்பிய கோழியைத் தனிக்கூட்டில் போடுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தும். கொதித்து ஆறிய 1 லீற்றர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள், சுற்றியுள்ள இறகை வெட்டி விடுங்கள். பூனையும் நாயும் கடித்த துளை மேலே மூடி உள்ளே சீழ் பிடிக்கும். அதற்குக் கால்நடை வைத்தியரின் மருந்து வேண்டும். ஈ முட்டையிடாமல் நுளம்புவலை போட்டு மூடி, காலையும் பின்னேரமும் காயத்தைப் பாருங்கள்.